தேயிலைப் பெட்டியில் வைத்த அடை

கைறுன்னிஸாவின் கோழிகள் ஒரே கிழமைக்குள், ஏழே நாளில், செத்து முடிந்தன. முதலில் சேவல், கழுத்தைத் திருகிக்கொண்டு கூட்டு வாசலில் கிடந்தது. பிறகு பேடுகள் ஒவ்வொன்றாக இறக்கையைத் தொங்கப் போட்டன; வெள்ளையாகக் கழிந்தன; இரை எடுக்காமல் மூலையில் குந்தியிருந்து சாய்ந்தன. செத்ததை எல்லாம் கிராம்பு மரத்தடியில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி அவளே புதைத்தாள். இரத்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த எந்த வீட்டிலும் விடியற்காலையில் ஒரு சேவல் கூவாமல் போன காலம் அது. எழுபத்தோராம் வருடம், பெப்ரவரி.

உக்குவளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் தொட்டு அந்த முற்றத்தில் கோழி இல்லாமல் அவள் இருந்ததில்லை. கணவன் இத்ரூஸ் மிளகும் ஏலமும் வாங்கி விற்பவர். மழை பிந்தினால் அவர் வியாபாரம் படுத்துவிடும். அப்போதெல்லாம் அடுப்பு எரிந்தது அவளுடைய முட்டைகளால்தான். வெறுங்கூட்டைப் பார்க்கப் பிடிக்காமல் அதன் கதவைச் சாத்திக் கயிற்றால் கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கிய கிருஷ்ணம்மா அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் விஷயம் கேட்டாள். ரிவர்ஸ்டன் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் அவள். எப்போதோ கைறுன்னிஸாவிடம் ஒரு பேட்டுக்குஞ்சு வாங்கிப் போய், அதிலிருந்து தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வளர்த்து வைத்திருந்தாள்.

"எங்க மலைக்கு அந்தச் சீக்கு ஏறலக்கா. முட்ட வேணும்னா எம்புட்டு வேணும்னாலும் கொண்டாந்து தாறேன். ஆனா அடைக்கோழிதான் இல்ல. இருக்கிற ரெண்டும் குஞ்சோட திரியுது."

"அடைக்கோழி இல்லாம முட்டய வெச்சி நான் என்னத்தச் செய்ய, கிருஷ்ணம்மா? இந்த ஊர்ல ஒரு கோழி மிச்சமில்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் மாத்தளையில் நடந்த விவசாயக் கண்காட்சியில் பார்த்தது. கண்ணாடி வைத்த மரப்பெட்டி. உள்ளே வலைத் தட்டில் முட்டைகள், கீழே ஒரு லாம்பு. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு முட்டை ஆடி, ஓடு விரிந்து, ஈரக் குஞ்சொன்று வெளியே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்று, எத்தனை முறை திருப்ப வேண்டும், எவ்வளவு சூடு, தண்ணீர் எதற்கு என்று அங்கிருந்தவரை விடாமல் கேட்டாள். இத்ரூஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியைத் தானும் செய்யலாம் என்று அவள் சொன்னபோது வீட்டில் கோபப்பட்டவர் ஸக்கியா மதினி. இத்ரூஸின் மூத்த சகோதரி. கணவர் மவுத்தான பிறகு தம்பி வீட்டோடு இருந்தார்.

"கோழிக்கு அல்லா குடுத்த வேலய நீ பெட்டிக்குக் குடுக்கப் போறியா? வீட்டுக்குள்ள இராப்பகலா லாம்பு எரிஞ்சா ஊடு நெருப்புப் பத்தாதா?"

இத்ரூஸ் மறுநாள் கடையிலிருந்து பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியிருந்ததால் சூடு வெளியே போகாது. அடியில் லாம்பு வைக்க ஓர் அறை, அதற்கு மேல் தகரம், தகரத்தின் மேல் தண்ணீர்ப் பீங்கான், அதற்கு மேல் கம்பி வலை. லாம்புப் புகை வெளியேற வளைந்த தகரக் குழாயொன்று. பக்கங்களில் துளை போட்டுத் துணி உருண்டைகளால் அடைத்தார். சூடு கூடினால் ஓர் உருண்டையை எடுக்க வேண்டும், குறைந்தால் செருக வேண்டும்.

சூட்டுமானிக்குத்தான் அலைந்தார்கள். காய்ச்சல் பார்க்கும் குழாய் இதற்கு உதவாது, ஏறினால் தானாக இறங்காது. கடைசியில் கிருஷ்ணம்மாவின் புருஷன் நாகமுத்து கொடுத்தனுப்பினான். தேயிலை பக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கிய இரட்டைச் சூட்டுமானி ஒரு பக்கம் உடைந்துபோக, எறியச் சொன்னார்களாம். மறுபக்கம் பழுதில்லை.

முட்டை வைக்கும் முன் வெறும் பெட்டியை எரித்துப் பார்த்தாள். பாரன்ஹீட் அளவில் நூறுக்கும் நூற்றிரண்டுக்கும் நடுவில் பாதரசம் நிற்க வேண்டும். அது நிற்கவே இல்லை. திரியை ஒரு நூல் உயர்த்தினால் நூற்றேழுக்கு ஓடியது. இறக்கினால் தொண்ணூறுக்கு விழுந்தது. ஜன்னல் திறந்தால் ஒரு கணக்கு, மழை பெய்தால் இன்னொரு கணக்கு. பெட்டியைக் காற்றுப் படாத உள்ளறைக்கு மாற்றி, மேலே சாக்குப் போர்த்தி, அதன் குணத்தைப் படித்துக்கொள்ளவே ஒரு கிழமை பிடித்தது.

அதற்குள் கிருஷ்ணம்மா ஓலைக் கூடையில் தவிட்டுக்குள் புதைத்து முட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். முப்பது. பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தாள்.

"பொரிச்சா எனக்கு ரெண்டு பொட்டக் குஞ்சு போதும். பொரிக்காட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஆனால் போகும்போது கதவருகில் நின்று பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழமைக்கு மேலாகத் தன் வீட்டில் யாரையும் முட்டை தொட விடாமல் சேர்த்தவை அவை.

ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டு வலையில் அடுக்கினாள் கைறுன்னிஸா. விடியலில் சுபஹு தொழுததும் திருப்புவாள், நண்பகல் லுஹருக்கு, பிறகு அந்தி மஃரிபுக்கு. ஒரு முறை கரிக்கோடு மேலே, அடுத்த முறை கீழே. அவள் எங்கும் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றடியில் பேசிக்கொண்டு நிற்கவில்லை. குசினியில் கறி கொதிக்கும்போதும் பாதி மனம் உள்ளறையில் இருந்தது.

ஒரு கிழமை கழித்து அறையை இருட்டாக்கி, துளை போட்ட மட்டையில் முட்டையை வைத்துப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தாள். சிவந்த நரம்புகள் சிலந்தி வலை போல் விரிந்து, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். ஐந்து முட்டைகள் ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தன. அவற்றை ஒதுக்கினாள். மற்றதில் எல்லாம் உயிர் இருந்தது.

"மதினி, வந்து பாருங்களேன்."

"எனக்கு அதெல்லாம் பார்க்க ஏலா" என்றார் ஸக்கியா, குசினியிலிருந்தே.

இன்னொரு நாள் பகல், தட்ட முடியாமல் அயல்வீட்டு மரணத்துக்குப் போய்த் திரும்பியபோது உள்ளறை அனலாக இருந்தது. திரி தானாக ஏறி, சிம்னி கறுத்து, பாதரசம் நூற்றைந்தில் நின்றது. எவ்வளவு நேரமாக அப்படி என்று அவளுக்குத் தெரியாது. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு முந்தானையால் விசிறினாள். அழுதுகொண்டே விசிறினாள். அன்றிரவு டோர்ச் அடித்தபோது இரண்டு முட்டைகளில் நரம்பு அறுந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றவற்றில் கறுப்பு நிழல் அசைந்தது. அசைந்ததா, தன் கைதான் நடுங்கியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் பிறந்ததும் இத்ரூஸ் பல்லேபொலவுக்குப் போனார். மகள் மஸீஹாவை அங்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து மிளகையும் விசாரித்துக்கொண்டு இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு ஒரு காலை றேடியோ சொன்னது, நாட்டில் பல இடங்களில் பொலிஸ் நிலையங்களைக் கிளர்ச்சிக்கார இளைஞர்கள் தாக்கிவிட்டார்கள் என்று. பகலுக்குள் ஊரடங்குச் சட்டம். கடைவீதியில் பலகைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் சத்தம் வீடுவரை கேட்டது. பஸ் நின்றது. தெருவில் நாய் மட்டும் நடந்தது. அந்தி நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் வந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. அந்த ஒன்றுமில்லாமையைக் கேட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கட இத்ரூஸ் எங்க நிக்கிறானோ" என்றார் ஸக்கியா. தஸ்பீஹ் மணி அவர் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மஸீஹா வீட்டுலதான் இருப்பார், மதினி. அங்க ஒண்ணும் நடந்திருக்காது."

நடந்திருக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எழுந்து போய் லாம்பைப் பார்த்தாள். தகர டின்னில் மண்ணெண்ணெய் பாதிக்குக் கீழே இருந்தது. எண்ணெய் விற்கும் பலீல் நானாவின் கடை எப்போது திறக்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. சமையலறைக் குப்பி விளக்கை அணைத்துவிட்டாள். அடுப்பு வெளிச்சத்திலேயே சாப்பிட்டார்கள். எண்ணெய் முழுவதும் பெட்டிக்கு.

கடைசி மூன்று நாட்கள் நெருங்கின. இனி முட்டையைத் திருப்பக் கூடாது, மூடியைத் திறக்கவே கூடாது என்று கண்காட்சியில் அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். திறந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் போய்விடும். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பீங்கானில் தண்ணீர் நிரப்பி, மூடியை அழுத்தி, மேலே சாக்கை இரட்டையாகப் போட்டாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுது முடித்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

துவக்குகளை ஏந்திய நான்கு சிப்பாய்கள். முன்னால் வந்தவர் நடுவயதுக்காரர், கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. ஆண்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். மகளைப் பார்க்கப் பல்லேபொலவுக்குப் போனவர் வழியில் அகப்பட்டுவிட்டார் என்று கைறுன்னிஸாவும் சிங்களத்திலேயே சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள், அரிசிப் பெட்டிக்குள் கம்பு விட்டுக் கிண்டினார்கள், கட்டிலைப் புரட்டினார்கள். பிறகு ஒருவன் உள்ளறையிலிருந்து கத்தினான்.

இருட்டறை. சாக்கு மூடிய பெட்டி. அதற்குள்ளிருந்து வளைந்து வரும் தகரக் குழாய். அடியில் நெருப்பு. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். அவர்கள் பார்த்த கண்ணோடு அப்போதுதான் கைறுன்னிஸாவும் அதைப் பார்த்தாள். அந்தக் கிழமை ஊரில் ஒவ்வொரு வாயிலும் இருந்த சொல் குண்டு.

"மேக்க மொகத்த?" என்ன இது என்று கேட்டார் முன்னால் வந்தவர். துவக்கின் வாய் பெட்டியைப் பார்த்தது.

"பித்தர, மஹத்தயா. பித்தர!" முட்டை என்றுதான் சொன்னாள்.

"திற."

"திறக்கக் கூடாது, மஹத்தயா. இன்னும் ரெண்டு நாள்ல பொரிக்கும். திறந்தா எல்லாம் செத்துப்போகும்."

திறக்கக் கூடாது என்றதும் அவர்கள் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு துவக்கு இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஸக்கியா மதினி சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கினார்.

"நீயே திற. மெதுவா. உள்ள இருக்கிறத ஒவ்வொண்ணா வெளிய எடு."

அவள் மண்டியிட்டுச் சாக்கை நீக்கினாள். மூடியைத் தூக்கியதும் வெந்நீராவி போல் ஈரச் சூடு முகத்தில் அடித்துக் கலைந்து போனது. ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் தரையில் விரித்த சாக்கில் வைத்தாள். அவர்கள் வலையைத் தூக்கச் சொன்னார்கள். தகரத்தைத் தூக்கச் சொன்னார்கள். லாம்பை வெளியே இழுக்கச் சொன்னார்கள். மலைக்காற்று திறந்த வாசல் வழியாக நேரே அறைக்குள் வந்தது. முட்டைகள் குளிர்ந்துகொண்டிருந்தன. அவள் கண்ணை அவற்றிலிருந்து எடுக்கவில்லை.

சிப்பாய்களில் ஒருவன் குனிந்து ஒரு முட்டையை எடுத்தான். காதருகே குலுக்கிப் பார்க்கப் போனான். "ஆட்டாதீங்க!" என்று அவள் அலறினாள். அவன் திடுக்கிட்டுக் கையை விட்டான்.

ஓடு உடைந்து, ஈர இறகோடு முழுக் குஞ்சொன்று சிமெந்துத் தரையில் கிடந்தது. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் முழுதாக இழுபட்டிருக்கவில்லை. அலகைத் திறந்து மூடியது. ஒரு கால் நீண்டது. பிறகு அசைவு நின்றுவிட்டது. முட்டையை விட்டவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

முன்னால் வந்தவர் துவக்கைத் தாழ்த்தினார். "சரி, உள்ள வை" என்றார். வாசலுக்குப் போனவர் ஏதோ நினைத்துத் திரும்பி வந்து மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டார். இந்தக் காலத்தில் வீட்டில் இவ்வளவு எண்ணெய் வைத்திருப்பது அவளுக்கே ஆபத்து என்றார். அவள் கெஞ்சியது ஜீப்பின் இரைச்சலில் போய்விட்டது.

எண்பத்தாறு. முட்டைகளைத் திரும்ப அடுக்கி மூடியபோது சூட்டுமானி அதைத்தான் காட்டியது. லாம்பில் மிச்சமிருந்த எண்ணெய் அன்று பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது.

"அல்லாட காவல், உசிர் தப்பினோம். இதத் தூக்கி வெளிய வீசு, கைறு" என்றார் ஸக்கியா. "நாளைக்கும் வருவானுகள். இந்தப் பெட்டியால எங்களச் சுட்டுப்போடுவானுகள்."

கைறுன்னிஸா குசினிக்குப் போனாள். அடுப்பில் பெரிய பானையை ஏற்றி விறகைத் திணித்தாள். விறகுக்குப் பஞ்சமில்லை. கசாயப் போத்தல், தேன் போத்தல், ஸர்பத் போத்தல் என்று வீட்டிலிருந்த போத்தல்களை எல்லாம் பொறுக்கி வந்தாள். கொதித்த தண்ணீரை ஊற்றி, தக்கை அடித்து, கிழிந்த சாரத் துணியால் சுற்றி முட்டைகளைச் சுற்றிச் செருகினாள். தணல் வைத்தால் புகை உள்ளே போய்க் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். தண்ணீர் மட்டும்தான் வழி. பாதரசம் மெல்ல ஏறியது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. அதற்குள் முதல் போத்தல் ஆறிவிட்டது. சூடாக்கிக் கொண்டுவருவதற்குள் இரண்டாவது ஆறியது. ஒருத்தியின் இரண்டு கால்கள் குசினிக்கும் உள்ளறைக்கும் போதவில்லை. அவசரத்தில் ஒரு போத்தல் வெடித்து அவள் மணிக்கட்டு வெந்தது.

திரும்பி வந்தபோது அடுப்பு வாயில் ஸக்கியா மதினி குந்தியிருந்தார். தரையில் கிடந்த குஞ்சைத் துணியில் பொதிந்து எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தார் போல. அகப்பையால் தண்ணீரை அள்ளிப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொறு. ஓடாத. நான் நிரப்புறேன், நீ அங்கேயே நில்லு" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த இரவு முழுவதும் அப்படியே போனது. மறுநாள் பகலும் போனது. முறை வைத்துத் தூங்கினார்கள். ஜீப்பின் சத்தம் கேட்டால் மட்டும் இருவரும் அப்படியே நின்றார்கள், தெருமுனை தாண்டும்வரை.

விடிவதற்கு முன், சுபஹு பாங்கும் இல்லாத அந்த அமைதியில், முட்டைக்குள்ளிருந்து கீச்சென்றது. கைறுன்னிஸா காதைப் பெட்டியில் ஒட்டி வைத்தாள். இன்னொன்று. ஓடொன்றில் நட்சத்திரம் போல் ஒரு வெடிப்பு. அவள் சத்தம் போடாமல் மதினியை உலுக்கி எழுப்பினாள்.

ஆனால் அந்த வெடிப்பு அப்படியே நின்றுவிட்டது. பொழுது நன்றாக ஏறியும் பெரிதாகவில்லை. ஐந்தாறு முட்டைகளில் சிறு துளைகள். துளைக்குள் அலகு நுனி மட்டும் தெரிந்தது. கீச்சொலி வரவரத் தளர்ந்தது. பயந்தது நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மூடி திறந்து கிடந்த நேரத்தில் ஈரம் போய், சவ்வு காய்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பொறுக்க முடியாமல் ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் ஓட்டைப் பெயர்த்தாள். சவ்வில் இரத்தம் கசிந்தது. நிறுத்த முடியவில்லை, முழுவதையும் உரித்தாள். குஞ்சு அவள் உள்ளங்கையில் சற்று நேரம் துடித்துவிட்டுத் தலையைப் போட்டது. அதை வைத்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இனித் தொடாத" என்றார் ஸக்கியா மெதுவாக. "அதுகளுக்கு இப்ப என்ன குறைச்சலெண்டு சொல்லு."

"ஈரம், மதினி."

"அப்ப ஈரத்தக் குடு."

பழைய வெள்ளைத் துணிகளை வெந்நீரில் முக்கிப் பிழிந்து போத்தல்களின் மேல் விரித்தார்கள். ஆவி பறக்கும் பீங்கானைச் சட்டென்று உள்ளே தள்ளி மூடினார்கள். ஈயத்தாளில் நீர்த்துளிகள் கோத்து வழியத் தொடங்கின. கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மூன்று கிழமையில் அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான், தொடாமல் இருப்பது.

லுஹருக்குச் சற்று முன் வலைக்குள் ஏதோ தட்டுப்பட்ட சத்தம். ஓடு இரண்டாகப் பிளந்து ஈரக்குஞ்சொன்று குப்புற விழுந்து கிடந்தது. பிறகு அடுத்தது. பிறகு ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு மூன்று. சாயந்திரத்துக்குள் உலர்ந்து பஞ்சாகி, பெட்டிச் சுவரில் மோதி விழுந்து எழும்பின. ஸக்கியா மதினி பெட்டியின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்று வெளிவரும்போதும் "வாங்க, வாங்க" என்று விருந்தாளிகளை அழைப்பது போல் அழைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பதினான்கு குஞ்சுகள் மிஞ்சின. ஏழு முட்டைகள் ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

சில மணி நேரத்துக்கு ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் இத்ரூஸ் வந்து சேர்ந்தார். மாத்தளையிலிருந்து நடந்தே வந்திருந்தார், தாடி வளர்ந்து, ஒரு செருப்பு இல்லாமல். மஸீஹா சுகமாக இருக்கிறாள் என்பதை வாசலிலேயே சொன்னார். வழியில் கண்டதைப் பற்றிக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். குசினிக்குள் வந்தவர் அடுப்படியில் ஓலைக் கூடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த குஞ்சுகளைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு குஞ்சு அவருடைய புழுதிக் காலில் ஏறியது. அவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து கைறுன்னிஸா அவர் அழுது பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலிலிருந்த குஞ்சை எடுத்துக் கூடைக்குள் விட்டாள்.

பஸ் ஓடத் தொடங்கிப் பல நாள் கழித்துத்தான் கிருஷ்ணம்மா இறங்கி வந்தாள். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டிருந்தது.

"நீங்க உசிரோட இருக்கிறீங்களோன்னு நாங்க பயந்துக்கிட்டு இருந்தோம், நீங்க குஞ்சு பொரிச்சி வச்சிருக்கீங்க!" என்று வாயில் கை வைத்தாள். இரண்டு கேட்டிருந்தவளுக்குக் கைறுன்னிஸா நான்கு பேடுகளைப் பிடித்துக் கூடையில் போட்டாள். வேண்டாம் என்று இவள் சொல்ல, வேணும் என்று அவள் சொல்ல, பஸ் வந்துவிட்டது.

இரண்டாம் முறை அடை வைத்தபோது அத்தனையும் கூமுட்டையாகப் போனது. ஏன் என்று கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை. அயல்வீடுகளில் சிரித்தார்கள். மூன்றாம் முறை பாதிக்கு மேல் பொரித்தது. அதன் பிறகு அந்த முற்றங்களில் திரிந்த கோழிகளில் பல அந்தப் பெட்டிக்குள் பிறந்தவைதான். மடியில் முட்டையோடு பெண்கள் வருவார்கள். கைறுன்னிஸா வீட்டில் இல்லாவிட்டால் ஸக்கியா மதினியே முட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது ஏலா, இது நல்லம்" என்று பிரித்து வைப்பார்.